மர டோக்கன்

"செக்ரட்டரிக்க மாமியாளை வராந்தாவில கெடத்தினது நீங்களாக்கும்ணு ஊரு முழுக்கப் பேச்சு. உள்ளதா?"

கிருபாபாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். கஞ்சி பொங்கி வழிந்து விறகில் சுர்ரென்று விழுந்தது. மூடியைத் தூக்க அவளுக்குக் கை வரவில்லை.

வேதமணி நனைந்த குடையை மூலையில் சாத்தினான். கக்கத்தில் இடுக்கியிருந்த துவர்த்துத் துணி மூட்டையை அவிழ்த்து அடுக்களைத் தரையில் உதறினான். மரத்துண்டுகள் சடசடவென்று விழுந்து சிதறின. மூணு விரல் அகலச் சதுரம், ஒவ்வொன்றிலும் சூட்டுக்கோலால் எழுதிய ஒரு நம்பர்.

"இது ஆஸ்பத்திரிக்க டோக்கன் இல்லியா?"

"ஆமா."

"களவாண்டா கொண்டு வந்தீங்க?"

"இருபத்துநாலு உண்டு. அடுப்பில போடு."

"இருபது வருஷத்துச் சோலி. அதையும் சேத்துப் போடட்டா? இந்த வீடு ஆருக்க வீடு? மிஷனுக்க வீடு. நாளைக்கு எறங்குண்ணு சொன்னா மழையில எங்க போய் நிப்போம்? விமலகுமாரி நர்சு படிக்க அப்ளிக்கேஷன் குடுத்திருக்கா, அதுல கையெழுத்து ஆரு போடணும்? அந்த ராஜையாதான் போடணும்."

"தெரியும்."

"தெரிஞ்சா செய்தீங்க?"

வேதமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தெரிந்து செய்தது பாதி, தானாக நடந்தது பாதி. அந்தப் பாதியை எப்படிச் சொல்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவன் சோலி பார்த்த ஆஸ்பத்திரி பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற ரோட்டோரம் இருந்தது. மிஷன் காலத்துக் கட்டடம். அதன் ஓ.பி. ரிஜிஸ்டரில் பேர் உண்டு, வயசு உண்டு, ஊர் உண்டு, சீக்கு உண்டு. ஜாதி என்று ஒரு கட்டம் கிடையாது. ஆஸ்பத்திரியைப் பார்க்க யாராவது பெரிய ஆள் வந்தால் கமிட்டி செக்ரட்டரி ராஜையா அந்த ரிஜிஸ்டரைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார். "பாருங்கோ, இஞ்ச ஜாதி எழுதுற வழக்கம் இல்ல. எல்லாரும் தேவனுக்க பிள்ளைங்க." வந்தவர்களுக்குக் கண் நிறைந்துவிடும்.

எழுதுவதில்லை என்பது உண்மைதான். எழுத வேண்டிய தேவை இல்லை. அந்த வேலையை டோக்கன் பார்த்துக்கொண்டது.

கவுண்டரில் ரெண்டு பெட்டி. ஒன்றில் பித்தளை டோக்கன், வட்டம். மற்றதில் மர டோக்கன், சதுரம். பழைய கிளார்க் ரெத்தினதாஸ் சோலியை ஒப்படைத்த நாளில் ரெண்டு பெட்டியையும் வேதமணி பக்கம் தள்ளி, "இது எல்லாருக்கும். இது கீழவிளைக்கு" என்று சொன்னார். அவ்வளவுதான் பாடம். கீழவிளை என்பது சாம்பவ ஜாதியிலிருந்து வேதத்துக்கு வந்தவர்கள் குடியிருக்கும் இடம். அவர்களுக்கு ஒரு சின்னச் சபையும் உண்டு. பெரிய சபைக்காரர்கள் பாடுகிற பாட்டைத்தான் அவர்களும் பாடுகிறார்கள், இவர்கள் ஓதுகிற ஜெபத்தைத்தான் அவர்களும் ஓதுகிறார்கள். ஆனால் கையில் மர டோக்கன் இருந்தால் கட்டில் வராந்தாவில். தண்ணீர் அலுமினியக் கோப்பையில். டாக்டர் பார்ப்பது கடைசியில். நர்சு யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம். கேட்டால்தானே பாவம்? கேட்காமல் செய்துவிட்டால் ஒருவருக்கும் பாவமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னே இதே ராஜையாவின் பாட்டிமார் மார்பை மறைக்கத் தோளில் ஒரு சீலை போட்டதற்கு அடி வாங்கியவர்கள். அந்த அடி இத்தனை சீக்கிரம் ஆறிப்போகும் என்று யார் கண்டது.

டாக்டரம்மா வெளியூர்க்காரி, வந்து எட்டு மாசம்தான். வராந்தாவில் கிடப்பவர்களைப் பார்த்து ஒருநாள் கேட்டாராம். "அவங்களுக்குக் காத்தோட்டம் வேணும்ணு அவங்களே கேட்டுக் கெடக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். நல்ல மனுஷிகளை நம்பவைப்பது லேசு.

வேதமணி கெட்டவன் இல்லை. பெரிய நல்லவனும் இல்லை. தினம் காலையில் ஊழியர் ஜெபத்துக்கு முதல் ஆளாக நிற்பான். நோயாளியிடம் கை நீட்ட மாட்டான். தலைக்கு மேலே சுவரில், எல்லாரையும் வரச்சொல்லி அழைக்கிற வசனப் பலகை தொங்கியது. அதைத் துடைத்து வைப்பது அவன்தான். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் ரெண்டு பெட்டியையும் திறந்து வைப்பதும் அவன்தான். இருபது வருஷம் அதில் அவனுக்கு ஒரு முள்ளும் குத்தவில்லை.

போன கர்க்கடக மாச மழையில் குத்தியது. கீழவிளைக் கிழவர் ஒருவர் வராந்தாவில் சாரலில் நனைந்து மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். வேதமணி நர்சு சுகுமாரியிடம் போய், "பிள்ளே, உள்ளே கட்டில் ஒழிஞ்சு கெடக்கே" என்றான். சுகுமாரி ஊசிக் குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பித்தளைண்ணா உள்ளே. மரம்ணா வெளியே. எனக்கு ஆளைத் தெரியண்டாம் சாரே, டோக்கனைத் தெரிஞ்சாப் போதும்." அவன் கவுண்டருக்குத் திரும்பினான். சாயங்காலம் கிழவர் போய்விட்டார். மடங்கிக் கிடந்த விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்தி டோக்கனை எடுத்தது வேதமணி. துடைத்துப் பெட்டியில் போட்டான். மறுநாள் அதையே வேறொருவர் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து ராத்திரிக் கஞ்சி குடிக்கும்போது அந்த விரல்கள் நினைவுக்கு வரும். ஜெபத்தில் கண்ணை மூடினால் பெட்டி தெரியும். அப்படியும் ஒரு வருஷம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வருஷம் எல்லைப் போராட்டம் கொதித்துக் கிடந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களை எல்லாம் மெட்ராஸ் ராஜ்ஜியத்தோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு, போலீஸ் அடி. ராஜையா பாறசாலை ஜங்ஷனில் மேசை மேல் ஏறி நின்று பேசினார். "சொந்த மண்ணில தமிழனைச் சர்க்கார் கச்சேரி வராந்தாவில நிறுத்தி வைக்கான்! உள்ளே விளிக்கியானா? இல்ல! நாமெல்லாம் ஒரே ரத்தமாக்கும், ஒரே தாய்க்க பிள்ளைங்களாக்கும்!" கூட்டத்தில் நின்று வேதமணியும் கை தட்டினான். கொடி பிடித்து முன்னால் நின்ற கீழவிளைப் பொன்னுதாசும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினான். கொடி பிடிக்கும்போது ஒரே ரத்தம்தான்.

அந்தப் பொன்னுதாசின் பெண்டாட்டி சுகிர்தபாய்க்குக் கடையடைப்புக்கு முந்தின நாள் பிரசவ நோவு கண்டது. வேதமணிதான் டோக்கன் கொடுத்தான், பதினேழாம் நம்பர், மரம். வராந்தாவிலேயே பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. ராத்திரி முழுக்க மழை.

கடையடைப்பு நாள் காலையில் வேதமணி கவுண்டருக்கு வந்தபோது பொன்னுதாஸ் நின்றுகொண்டிருந்தான். முந்தின வாரம் ஊர்வலத்தில் வாங்கிய அடியில் அவன் நெற்றி இன்னும் வீங்கியிருந்தது.

"சாரே, அவளுக்குக் காய்ச்சல் கொதிக்கு. பல்லு கிட்டிக் கிட்டி அடிக்கு. சாரல் கட்டிலுக்கு மேலயாக்கும் விழுது. உள்ளே ரெண்டு கட்டில் சும்மா கெடக்கு, சன்னல் வழியா எண்ணிப் பாத்தேன். எனக்குக் கேக்கத் தெரியாது. நீரு ஒருக்கா கேளும்."

"கேட்டா ஒண்ணும் நடக்காது பொன்னுதாசே."

"அப்போ பிள்ளையைத் தூக்கிட்டு அவளையும் வீட்டுக்குக் கொண்டுபோறேன். எனக்க கூரை இந்த வராந்தாவைக் காட்டிலும் கொஞ்சமாட்டுதான் ஒழுகும்."

சொல்லிவிட்டு டோக்கனைக் கவுண்டரில் வைத்தான். வேதமணி எடுத்துப் பார்த்தான். ஓரம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது. "என்னதுலே இது?"

"நோவுல கடிச்சுப் பிடிச்சுக்கிட்டா. சத்தம் போட்டா நர்சம்மா ஏசுவாங்கல்லா. இவ மட்டுமில்ல, எல்லாத்திலயும் பாரும்."

வேதமணி பெட்டியில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். இருபது வருஷம் தினம் தொட்ட டோக்கன். ஏழெட்டில் பல் பதிந்திருந்தது. சிலது புதுசு, சிலது தேய்ந்து கறுத்துப் பழசு. விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

அவன் பொன்னுதாஸ் கையில் ஒரு பித்தளை டோக்கனை வைத்து மூடினான். "வாய் திறக்காதே. அவ கையில கொண்டு குடு." அப்புறம் பித்தளைப் பெட்டியைத் தூக்கி மரப்பெட்டியில் கவிழ்த்தான். கையை விட்டு நன்றாகக் கலக்கினான். அன்றைக்கு ஜெபத்தில் போதகர், ஏழைகளைக் கண்ணோக்கும் என்று கேட்டார். வேதமணிக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. வந்து உட்கார்ந்து, பெட்டியைப் பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினான்.

சுகுமாரி ரெண்டு நாள் லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். வராந்தாவைப் பார்த்தவள் சாடினாள்: "பித்தளை டோக்கனை எந்தக் கழுதை வெளியே கெடத்தினது? பெத்த பொம்பளை இல்லியா, மனசாட்சி உண்டா ஒங்களுக்கு? தூக்குங்க உள்ளே!" தூக்கினவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். வாய் திறக்கவில்லை. சுகிர்தபாய் வெள்ளை விரிப்பில் கிடந்தாள். கம்பளி வந்தது, ஊசி வந்தது, பிள்ளைக்குத் துணித் தொட்டில் வந்தது. சுகுமாரிக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது பித்தளையில் செய்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட டீச்சர் விஜயம்மாவுக்குக் கைக்கு வந்தது மரம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தா மணிசாரே இது, சீட்டுகளியோ?" என்று சிரித்தார். "இண்ணு சீட்டாட்டந்தான் டீச்சர்" என்றான் வேதமணி.

பதினோரு மணிக்கு ஒரு மாட்டுவண்டி வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போன பஸ்ஸைப் பாறசாலையில் மறித்துவிட்டார்களாம். அதிலிருந்து இறங்கிய ஒரு வயசான அம்மாவுக்கு வாந்தியும் பேதியும். வண்டிக்காரன் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சேலை முழுக்கச் சேறு. வழியில் கலகம் என்று பயந்து நகையை எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார். பெட்டி திரும்பிப்போன பஸ்ஸோடு போயிற்று. கறுத்து மெலிந்த உடம்பு. பேர் சொல்லக்கூடச் சத்தம் வரவில்லை. வேதமணி பெட்டியில் கையை விட்டான். வந்தது மரம். அதை வண்டிக்காரன் கையில் கொடுத்தான். அது மரமா பித்தளையா என்று வேதமணி பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதுதான் அன்றைக்கு அவன் வைத்திருந்த ஒரே சட்டம்.

சுகுமாரி டோக்கனைப் பார்த்தாள், வராந்தாவைக் காட்டினாள். அந்த அம்மா பனம்பாயில் கிடந்தார். பக்கத்தில் கிடந்த கீழவிளைக் கிழவி ஒருத்தி தன் கோப்பையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து அவர் நாக்கை நனைத்தாள்.

மூணு மணிக்கு ராஜையா வந்தார். ஊர்வலத்தில் மண்டை உடைந்த ரெண்டுபேரைக் கூட்டிக்கொண்டு, மூக்கில் துவர்த்தைப் பொத்தியபடி வராந்தா வழியாக உள்ளே போனார். "மாப்பிள்ளே" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பவில்லை. வராந்தாவில் கிடப்பவர்கள் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. திரும்பி வரும்போதும் அதே சத்தம்: "மாப்பிள்ளே... மாப்பிள்ளே..."

"சிஸ்டரே, அதாரு, பயித்தியமா? ஆம்பளையைக் கண்டா மாப்பிள்ளேண்ணு விளிக்கா."

"காலத்தேருந்து அப்படித்தான் ஐயா பொலம்பிக்கிட்டிருக்கு. கீழவிளைக் கேசு."

"நான் நாசரேத்து ஊரு..." என்று அந்த அம்மா எழும்ப முயன்றார். அப்போதுதான் ராஜையா குனிந்து பார்த்தார். பெண்டாட்டியின் தாயார். சம்பந்தம் பேசப்போன நாளிலிருந்து அவர் கைகட்டி நிற்கிற அதே மாமியார்.

அதன் பிறகு நடந்த பெகளத்தைச் சொல்லி முடியாது. நாலு பேர் பாயோடு தூக்கினார்கள். சுகுமாரி அழுதாள். மாமியாருக்கு ஓரளவு தெளிந்ததும், தண்ணீர் கொடுத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்ததும் வாய் கொப்பளிக்க வெந்நீர் கேட்டார். ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு, மூணு சொம்பு. வராந்தாவில் நாலு மணி நேரம் கிடந்தால் மனுஷருக்குப் புத்தி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாயங்காலம் கவுண்டர் அடைக்கும்போது வேதமணி திரும்பி வந்த டோக்கனில் மரத்தை மட்டும் பொறுக்கித் துவர்த்தில் கட்டினான். வீட்டுக்கு வந்தான்.

இதையெல்லாம் அவன் சொல்லி முடித்தபோது கஞ்சி அடிப்பிடித்திருந்தது. கிருபாபாய் குனிந்து மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கும்போதே விரல் நின்றது. வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தன் வாயருகே கொண்டுபோனாள், கடிக்கிற மாதிரி. அப்புறம் சட்டென்று எடுத்தாள். அவளும் மூணு பெற்றவள். மூணும் உள் கட்டிலில்.

"போடட்டா?" என்று கேட்டான் வேதமணி.

"சும்மா இருங்க. நாளைக்குப் பாப்போம்." அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் அடுக்கி வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கமிட்டி. மேசைக்கு அந்தப் பக்கம் ராஜையா, பக்கத்தில் போதகர். ஆபீசில் திருத்தமாக எழுதத் தெரிந்தவன் வேதமணி ஒருத்தன்தான். ஆகவே அவனுக்குக் கொடுக்க வேண்டிய மெமோவையும் அவனே எழுத வேண்டியதாயிற்று.

"எழுதும். 'நேற்றைய தினம் ஓ.பி. கவுண்டரில் சோலி பார்த்த கிளார்க் வேதமணி'..."

"எழுதியாச்சு."

"'மர டோக்கன் கொடுக்கக்கூடாத ஒரு நோயாளிக்கு மர டோக்கன் கொடுத்து'..."

வேதமணி பேனாவை நிறுத்தினான். "குடுக்கக்கூடாதவங்க ஆருண்ணு எழுதணுமே ஐயா."

"எனக்க மாமியாண்ணு எழுதும்."

"அது சரி. அப்போ குடுக்கவேண்டியவங்க ஆரு? அதையும் எழுதணும் இல்லியா? காப்பி டாக்டரம்மாளுக்குப் போகும். அவங்க கேப்பாங்க. நீங்க சொல்லுங்க, எழுத்து நான் போடுகேன்."

ராஜையா போதகரைப் பார்த்தார். போதகர் சுவரைப் பார்த்தார். சுவரில் வசனப் பலகை இருந்தது. அவர் சன்னலைப் பார்த்தார்.

"போதகரையா சொன்னாலும் போதும்" என்றான் வேதமணி. "ஒரு வார்த்தைதானே. இருபது வருஷமாட்டு அதை ஆரும் எங்கிட்ட சொல்லல்ல. பெட்டியைத்தான் தள்ளித் தந்தாங்க. இண்ணைக்காவது காதால கேட்டுக்கிடுதேன்."

போதகர் இருமினார். "அதையெல்லாம் எழுத்தில கொண்டு வரண்டாம் ராஜையா."

"வேதமணி, நீரு கூடுதல் பேசாதேயும்" என்று ராஜையா குரலைத் தாழ்த்தினார். "நாடு கெடக்கிய கெடப்பு தெரியுமில்லா? தமிழன் ஒத்துமையா நிக்கவேண்டிய நேரத்தில நீரு ஜாதியைக் கிண்டிவிட்டா ஆருக்கு லாபம்? போனது போகட்டு. மெமோவைக் கிழிச்சுக் களையும். அந்த மரத்துண்டை எல்லாம் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து வையும். பழையபடி நடக்கட்டு."

"நான் கிண்டினேனா? நான் ரெண்டு பெட்டியை ஒரு பெட்டி ஆக்கினேன்."

அந்த நேரம் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. கிருபாபாய், கையில் தூக்குச்சட்டி. மத்தியானச் சாப்பாடு கொண்டு வருகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ராஜையா முகம் தெளிந்தது.

"வா கிருபாபாய். நீ புத்தியுள்ளவ. இவருக்கு நீ சொல்லிக் குடு. வீட்டில கொண்டு வச்சிருக்கிய மர டோக்கனை எடுத்துத் தந்தா எல்லாம் இத்தோட தீரும். சோலிக்கும் ஒண்ணுமில்ல, பிள்ளைக்க படிப்புக்கும் ஒண்ணுமில்ல."

கிருபாபாய் தூக்குச்சட்டியை மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தாள். அவித்த மரச்சீனிக் கிழங்கு. ஆவி எழும்பி ராஜையாவின் கண்ணாடியில் படிந்தது.

"காலத்தே விறகெல்லாம் நனைஞ்சு கெடந்து ஐயா. மரச்சீனி வேகணும் இல்லியா? நல்லா காஞ்ச அயினி மரமாக்கும். சட்டுண்ணு பிடிச்சு. தின்னு பாருங்க, நல்லா மாவா வெந்திருக்கு."

வேதமணிக்கே அது அப்போதுதான் தெரியும். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முந்தியை அவிழ்த்து ஒரு மரத்துண்டை எடுத்து மரச்சீனிக்குப் பக்கத்தில் வைத்தாள். பதினேழாம் நம்பர்.

"இது ஒண்ணு மட்டும் போடல்ல. இதில பல்லு புதுசாட்டு பதிஞ்சு கெடக்கு. நீங்க படிச்சவங்க, நல்லா பாருங்க ஐயா. ஆருக்க பல்லு, எந்த ஜாதிப் பல்லுண்ணு தெரிஞ்சா அதை அந்த மெமோவில எழுதிக்கிடுங்க."

ராஜையா அதைத் தொடவில்லை. மரச்சீனியையும் தொடவில்லை.

மெமோ கடைசிவரை எழுதப்படவில்லை. சுகிர்தபாயை மறுபடி வெளியே கிடத்தச் சொன்னபோது சுகுமாரி, "அவ கையில பித்தளையில்லா இருக்கு. எதைச் சொல்லித் தூக்கச் சொல்லுதீங்க? நீங்களே வந்து சொல்லிக்கிடுங்க" என்றாளாம். யாரும் வந்து சொல்லவில்லை. மூணாம் நாள் காய்ச்சல் விட்டது. விமலகுமாரியின் அப்ளிக்கேஷன் திரும்பி வந்தது, காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாமல் செய்வது அந்த ஆஸ்பத்திரிக்குக் கைவந்த வேலை. வேதமணியைக் கவுண்டரிலிருந்து மாற்றிப் பின்பக்கத்து ஸ்டோரில் போட்டார்கள். பஞ்சும் பினாயிலும் பலகையும் கிடக்கிற இருட்டறை. இருபது வருஷம் ஜனங்கள் முகத்தைப் பார்த்தவனுக்கு இனி சுவர்தான் துணை என்று ஏற்பாடு.

கவுண்டருக்கு ராஜன் என்கிற புதுப் பையன் வந்தான். புது மர டோக்கன் செய்து வரும்வரைக்கும், வாயால் விசாரித்து ஆளைத் தெரிந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். திங்கள்கிழமை சுகிர்தபாய் பிள்ளையைக் காட்ட வந்தாள். கூடப் பொன்னுதாஸ். ராஜன் தலையைக் குனிந்து, உதட்டுக்குள்ளே கேட்டான்:

"எந்தச் சபை?"

"என்னது?" என்றான் பொன்னுதாஸ்.

"இல்ல... எந்தச் சபைக்காரங்க?"

பொன்னுதாஸ் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து வரிசையைக் காட்டினான். முப்பது பேர் நின்றார்கள். டாக்டரம்மாவின் அறைக் கதவும் திறந்து கிடந்தது. "கொஞ்சம் சத்தமாட்டு கேளும் தம்பி. பின்னால நிக்கியவங்களுக்கும் கேக்கட்டு."

ராஜன் காது சிவந்துவிட்டது. பெட்டியில் கையை விட்டான். பின்பக்கம் இருட்டறையில் இருந்த வேதமணிக்கு, கவுண்டர் பலகையில் பித்தளை விழுந்த 'ணங்' என்ற சத்தம் கேட்டது. மரம் விழுந்தால் அந்தச் சத்தம் வராது.

அன்று மத்தியானம் ஆசாரி ஸ்டோருக்கு வந்தான். "சாரே, அயினிப் பலகை ஒண்ணு வேணும். சின்னச் சின்னதாட்டு இருபத்துநாலு துண்டு அறுத்துக் குடுக்கச் சொன்னாங்க."

"ஆரு சொன்னா?"

"செக்ரட்டரி ஐயா."

வேதமணி ஸ்டோர் புஸ்தகத்தை விரித்து வைத்து, முதல் பக்கத்தில் இருந்த சட்டத்தை விரலால் காட்டினான். ராஜையாவே போட்ட சட்டம். சாமான் எதுவும் சீட்டில்லாமல் வெளியே போகக்கூடாது, சீட்டில் என்ன தேவைக்கு என்று எழுதி செக்ரட்டரி கையெழுத்து வேண்டும்.

"பலகை அந்தா நிக்கு. சீட்டு கொண்டு வாரும். எதுக்குண்ணு தெளிவாட்டு எழுதியிருக்கணும்."

ஆசாரி போனான். அடுத்த வருஷம், ராஜ்ஜியங்களைப் பிரிக்கிற கமிஷனின் ரிப்போர்ட்டு வந்தது. அதற்கடுத்த வருஷம் எல்லைக்கோடே வந்தது, பாறசாலை மெட்ராஸோடு சேராமல் மலையாளப் பக்கமே நின்றுபோயிற்று. ஸ்டோர் மூலையில் சாத்திவைத்த அந்தப் பலகையில் கறையான் ஏறியது. சீட்டு மட்டும் வரவில்லை.